பாட்டில் பொறியில் விழுந்த பொடி மீன்கள் என்னென்ன?

தூண்டில்பித்தன்: கொடுவாவுக்கு உயிர் இரை வேண்டும் என்று, தண்ணீர் பாட்டிலின் வாய்ப் பக்கத்தை அறுத்து உள்ளே திருப்பிச் செருகி, கோதுமை மாவு உருண்டை போட்டு, சென்னைக்கு வடக்கே அத்திப்பட்டுப் பக்கம் உப்பங்கழியில் அலையாத்திச் செடி ஓரமாக வைத்தேன். விரல் நீளம்கூட இல்லாத பொடிகள் விழுந்தன. ஒன்று, உடம்பில் வளைந்த கறுப்புக் கோடுகள். இன்னொன்று கண்ணாடி மாதிரி, முள்ளெல்லாம் தெரிகிறது. மற்றொன்று சாம்பல் நிறம், முதுகுத் துடுப்பில் கறுப்புப் பொட்டு. எதைக் கொக்கியில் போடலாம்? கண்ணாடி மீன் வாளியில் சீக்கிரமே செத்துப்போகிறது, ஏன்?

காசிமேட்டான்: கோடு போட்டது கீச்சான் குஞ்சு. மேலிருந்து பார், கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் போலத் தெரியும். செவுள் மூடியில் முள் இருக்கு, அள்ளாதே தம்பி. பொட்டு வைத்தது ஜிலேபிக் கெண்டை. ஏரி மீன் கழியில் எப்படி என்று கேட்காதே. ஆப்பிரிக்க மீன், 1952இல் இந்தியாவுக்கு வந்தது, உப்புத் தண்ணீரிலும் குடித்தனம் பண்ணும்.

கழிவெளி: கண்ணாடி மாதிரி இருப்பதில் இரண்டு சாதி உண்டு, துடுப்பைப் பாருங்கள். முதுகுத் துடுப்பு நடுவில் வெட்டுப்பட்டு, முன்பாதி முள்ளாக, உடம்பு உயரமாக இருந்தால் அம்பாசிஸ். துடுப்பு சின்னதாக வாலருகே தள்ளி, வயிற்றடியில் வாலுக்கு முன்னால் உள்ள துடுப்பு நீளமாக இருந்தால் ஒரைசியாஸ். அதில் பெட்டை சில சமயம் முட்டைக் கொத்தை வயிற்றில் தொங்கவிட்டபடியே நீந்தும், அதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

தூண்டில்பித்தன்: துடுப்பில் வெட்டு இருக்கு, அப்போ அம்பாசிஸ். இன்று வேறொன்று விழுந்தது அண்ணா: கறுப்பு உடம்பு, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, மீசை, வால் விலாங்கு மாதிரி.

காசிமேட்டான்: தொடாதே! இருங்கெளுத்திக் குஞ்சு அது. முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்று, மூன்றிலும் விஷம். பாட்டிலைத் தண்ணீரில் சாய்த்து அப்படியே விட்டுவிடு. குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ.

கழிவெளி: வாளி விஷயம்: குழாய்த் தண்ணீர் வேண்டாம், பிடித்த இடத்துத் தண்ணீரையே மொண்டு, நிழலில் வைத்து, பேட்டரி ஏர் பம்பு போடுங்கள். அம்பாசிஸைத் திணித்து வைத்தால் தாங்காது. கொக்கிக்கு ஜிலேபிதான் என் தேர்வு, முதுகுத் தசையில் மேலாகக் குத்தினால் நெடுநேரம் துடிக்கும். மிஞ்சியதை ரெட்டேரியிலோ வேறு குளத்திலோ கொட்டாதீர்கள்.

தூண்டில்பித்தன்: சரி, பம்பு வாங்கிவிட்டு வருகிறேன். மடவைக் குஞ்சு மாவுக்கு வருமா?

காசிமேட்டான்: அதுக்குப் பொறி வேண்டாம், வீச்சுவலை எடு.