மறு: புல்வெளி விடும் நீருக்கு என்ன சொல்? ‘ஆவிச்செலவு’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

> மண்ணிலிருந்து போவது ஆவியாதல், இலையிலிருந்து போவது நீராவிப்போக்கு. நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டையும் சேர்த்துவிட்டால் போதாதா?

போதாது ஐயா. மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகப் போகும் நீரை ஒன்றாகச் சேர்த்து ஆங்கிலத்தில் எவாப்போட்ரான்ஸ்பிரேஷன் என்கிறார்கள், அதற்குத்தான் நாம் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அந்தச் சொல் துறைக் கட்டுரைகளில் தனியாக வருவதே குறைவு. முன்னால் ஏதாவது ஓர் அடைமொழி ஒட்டிக்கொண்டுதான் வரும். “உச்ச ஆவியாதல்-நீராவிப்போக்கு” என்று எழுதினால் ‘உச்ச’ எதற்கு அடை என்றே தெரியாது. இன்னொன்று, புல்வெளியில் அந்த இரண்டையும் பிரித்து அளப்பதும் எளிதல்ல. லைசிமீட்டர் என்ற கருவியைப் பாருங்கள். புல்லோடு மண்ணைக் குலையாமல் பெயர்த்து, ஒரு தொட்டியில் வைத்து, தரை மட்டத்துக்கு இறக்கி, அடியில் எடைமேடை வைத்திருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் தொட்டியில் மழையும் வடிகாலும் இல்லாத நாளில் 3 கிலோ குறைந்தால் 3 மி.மீ. நீர் போய்விட்டது என்று கணக்கு. அதில் எவ்வளவு இலைத்துளை வழியாகப் போனது, எவ்வளவு மண்ணிலிருந்து, எவ்வளவு காலையில் புல்தாளில் ஒட்டியிருந்த ஈரத்திலிருந்து என்று எடைமேடை சொல்லாது. அளப்பது ஒன்றை, பெயர் மட்டும் எதற்கு இரண்டு?

‘ஆவியிழப்பு’ என்று முன்மொழிந்தவரிடமும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. இழப்பு என்றதும் வீண் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. புல் வளர வேண்டுமானால் இலைத்துளை திறக்க வேண்டும், திறந்தால் நீர் போகத்தான் செய்யும். அதனால் நான் முன்வைப்பது ஆவிச்செலவு. நீர்வளத் துறையில் வரவு-செலவு என்றுதான் ஏற்கெனவே பேசுகிறோம். மழை வரவு, ஓடையில் ஓடுவதும் மண்ணுக்குள் இறங்குவதும் ஆவியாகப் போவதும் செலவு. போதாததற்கு, செலவு என்றால் பழந்தமிழில் ‘செல்லுதல்’ தானே, செலவழுங்குதல் என்று அகத்துறையே இருக்கிறது. ஆவியாகச் செல்வது என்ற பொருளும் அப்படியே பொருந்துகிறது.

சொல் தாங்குமா என்பதை நீலகிரியை வைத்துப் பார்க்கலாம். தென்மேற்குப் பருவத்தில் அவலாஞ்சி, மேல்பவானிப் பக்கம் மழை கொட்டுகிறது, மண் நிறைய நீர் இருக்கிறது, ஆனால் புல்வெளியின் ஆவிச்செலவு குறைவு. மேகம் மூடி வெயில் இல்லை, காற்றும் ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது, ஆவியாக்க ஆற்றல் எங்கிருந்து வரும்? ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீரை ஆவியாக்க 2.45 மெகாஜூல் வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் கதை தலைகீழ். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, காற்று காய்ந்திருக்கிறது, ஆனால் மேல்மண்ணில் நீர் இல்லை, உறைபனியில் கருகிய புல்லும் பழுப்பாக நிற்கிறது. ஆக, முதல் பருவத்தில் கடிவாளம் ஆற்றலிடம், அடுத்ததில் நீரிடம். நீர் தாராளமாக இருந்தால் போகக்கூடிய அளவு உச்ச ஆவிச்செலவு, உண்மையில் போனது மெய் ஆவிச்செலவு. மழைக்காலத்தில் இரண்டும் நெருங்கும், கோடையில் விலகும். ஆண்டு மழையை மட்டும் சொல்லி ஓர் இடத்தின் ஆவிச்செலவைத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதற்கு இந்த விலகல்தான் காரணம், அந்த மழை எந்த மாதத்தில் விழுந்தது என்பதும் வேண்டும்.

புல்லை மரத்தோடு ஒப்பிடும்போதும் இந்தச் சொல் தேவைப்படும். 2001-இல் ஷாங், டாஸ், வாக்கர் மூவரும் உலகின் 250-க்கும் மேற்பட்ட நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் தரவை வைத்து, ஆண்டு மழையிலிருந்து சராசரி ஆவிச்செலவைக் கணக்கிட ஒரு சமன்பாடு தந்தார்கள். அதில் ஆண்டு மழை 500 மி.மீ. என்று போட்டால் புல்வெளிக்கு சுமார் 410, காட்டுக்கு 475 வருகிறது, பெரிய வித்தியாசமில்லை. 1500 என்று போட்டால் புல்வெளி 750-இல் நிற்கிறது, காடு 1100-ஐத் தொடுகிறது. மழை கூடக் கூட இடைவெளியும் கூடுகிறது, ஏனென்றால் மரம் இலைப்பரப்பில் மழையைப் பிடித்து வைத்து அப்படியே ஆவியாக விடுகிறது, ஆழத்து நீரையும் வேரால் எடுக்கிறது. நீலகிரியின் கிளன்மார்கனில் புல்வெளியில் தைலமரம் நட்டுப் பார்த்த ஆய்வில் முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே ஓடைநீர் 16 சதவீதம் குறைந்தது. புல்வெளியைத் ‘தரிசு’ என்று பதிவேட்டில் எழுதி மரம் நட்டவர்கள் கையில் இந்த வரவு-செலவுக் கணக்கு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

அப்புறம் ஒரு முடிச்சு இன்னும் அவிழவில்லை. உலக உணவு வேளாண் அமைப்பு 1998-இல் வரையறுத்தபடி, நீர்க் குறைவில்லாத, 12 செ.மீ. உயரமுள்ள ஒரு கற்பனைப் புல்தரையை அளவுகோலாக வைத்து மற்ற பயிர்களை அதனோடு ஒப்பிடுகிறார்கள். இதை ‘உச்ச’ என்று சொல்ல முடியாது, வேறு பயிர் அதைவிடக் கூடுதலாகவும் செலவழிக்கும். ‘ஒப்பு ஆவிச்செலவு’ என்கிறேன், ஆங்கில ‘ரெஃபரன்ஸ்’ என்பதற்கு ‘மேற்கோள்’ வேண்டாம், அது வேறு பொருளில் ஊறிவிட்டது. இலங்கை நண்பர்கள் பாடநூலில் நீராவிப்போக்கை ‘ஆவியுயிர்ப்பு’ என்பீர்கள், அதோடு ‘ஆவிச்செலவு’ சேர்ந்து வந்தால் குழப்பம் வருமா, உங்கள் மாணவர்களுக்கு எப்படிப் படும் என்று எழுதுங்கள். மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் உச்ச, மெய், ஒப்பு ஆவிச்செலவு மூன்றையும் சேர்த்துவிடலாம்.