மொரப்பூர் ஸ்டேஷனில் கேட்ட சின்ன ரயில் கதை

தருமபுரிக்காரர்களான நாங்கள் சென்னைக்கு ரயில் ஏறணும்னா இன்றைக்கும் பெரும்பாலும் பஸ் பிடித்து மொரப்பூருக்குத்தான் வருகிறோம். அப்படி ஒரு ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "எங்கப்பாரு காலத்துல இதே ஸ்டேஷன்ல இருந்து தருமபுரிக்கு ரயிலு போச்சு தம்பி" என்றார். நான் முதலில் நம்பவே இல்லை. அப்புறம் தேடிப் படித்தால் அத்தனையும் உண்மை!

சேலம் போகும் பெரிய பாதை மொரப்பூர் வழியாக 1861-லேயே வந்துவிட்டது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) நம்ம பக்கம் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், அந்த மாதிரி நேரத்தில் தானியம் கொண்டுபோக வழி வேண்டும் என்றுதான் 1906-ல் மொரப்பூர் - தருமபுரி சின்ன பாதையைப் போட்டார்கள், 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. தண்டவாள அகலம் வெறும் 2 அடி 6 அங்குலம். பெரிய பாதையோ 5 அடி 6 அங்குலம், அதனால் ஒரு வேகன்கூட நேராகப் போக முடியாது, வந்த மூட்டை எல்லாம் மொரப்பூரில் இறக்கி ஏற்றணும். பெரியவரின் அப்பா அந்த மூட்டை தூக்கும் வேலையில்தான் இருந்தாராம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பின்னாடி தருமபுரிக்கு சேலம் - பெங்களூரு பாதை வந்தது, சரி, ஆனால் மொரப்பூர் இணைப்பு திரும்ப வரவில்லை. புதுப் பாதைக்கு அடிக்கல் நாட்டியதே 2019-ல்தான். பஞ்சத்துக்காகப் போட்ட பாதையைப் பிடுங்கினவர்கள் திருப்பிப் போட்டிருக்க வேண்டாமா?

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இதில் போயிருந்தால் எழுதுங்கள்.

பதில் (கிருஷ்ணகிரியிலிருந்து):

அண்ணா, எங்களுக்கும் இதே கதைதான். 1905-லேயே திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சின்ன ரயில் வந்திருக்கு. என் பாட்டி சின்னப் பொண்ணாக அதில் போனவர். இன்ஜின் கங்கு பறந்து வந்து பாவாடையில் பொத்தல் விழுந்து, வீட்டில் அடி வாங்கியதைக் கடைசி வரைக்கும் சொல்வார். 2004-ல் தனி மாவட்டம் ஆனோம், ஆனாலும் மாவட்டத் தலைநகரில் இன்னமும் ஸ்டேஷன் கிடையாது. ஊருக்கு வருகிற பிள்ளைகள் ராத்திரியில் திருப்பத்தூரிலோ ஜோலார்பேட்டையிலோ இறங்கி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். பாட்டி ஏறின ரயிலில் என் மகள் ஏற முடியவில்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியலை அண்ணா. அந்தப் பழைய ஸ்டேஷன் படம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து போடுங்கள்.