பத்மநாபபுரம் அரண்மனை: மந்திரசாலைத் தரையைப் படமெடுக்க யோசனை வேண்டும்

வணக்கம். தக்கலை பக்கம் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் உள்வேலைப்பாடுகளைப் படமெடுக்கணும். திங்கள் விடுமுறை என்பதால் செவ்வாய் காலை போகத் திட்டம்.

சிக்கல் மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில்தான். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு கலந்து மெழுகிய அந்தக் கறுப்புத் தரை கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஃபிளாஷ் போட்டால் வெள்ளைப் பொட்டு விழுந்து படம் கெடும். தரையை மட்டும் எடுத்தால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். மைக்கா (ஒளி ஊடுருவும் அபிரகத் தகடு) பதித்த பலகணியையும் சேர்த்தால் தரை இருண்டு மினுமினுப்பே தெரியாது. தரையை மட்டும் எடுக்கும்போது எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) எவ்வளவு குறைப்பது? ஒரு ஸ்டாப்பா (அதாவது பாதியாகவா), ஒன்றரை ஸ்டாப்பா?

பலகணியின் நிழல் தரையில் நீளமாக விழுவது எத்தனை மணிக்கு? ட்ரைபாட் அனுமதி உண்டா? பூமுகத்து (முகப்பு மண்டபத்து) மேற்கூரைப் பூச்செதுக்கல்களுக்கு எந்த லென்ஸ் சரிவரும்? எடுத்தவர்கள் சொல்லுங்களேன்.