ஏசி அறையில் நிலக்கடலை: பூ இருக்கிறது, விழுது காய்ந்துவிடுகிறது

கோவைச் செடிக்காரன்:
வணக்கம். சின்ன அறையில் எல்இடி விளக்கு போட்டு, டிஎம்வி 7 ரகக் கடலையை மண்ணில்லாமல் வளர்க்கிறேன். வேர் கரைசலில் இருக்கிறது. காய் பிடிக்க, செடிக்கடியில் ஒரு தட்டில் தேங்காய் நார்த்தூள் பரப்பியிருக்கிறேன். காலையில் பூ நிறையப் பூக்கிறது, பூவிலிருந்து மண்ணை நோக்கி இறங்கி நுனியில் காய் பிடிக்கும் காம்பு, அதாவது விழுதும் கிளம்புகிறது. ஆனால் பாதி வழியிலேயே நுனி கருத்துச் சுருங்கிவிடுகிறது. வெப்பம் 27 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. ஈரப்பதமூட்டி வாங்கலாமா?

மாடி மல்லி:
வாங்குங்க சார். கடலைக்கு 85 சதவீதம் வைத்தாலும் தப்பில்லை.

திண்டிவனத்தான்:
85 எதற்கு? இலை ராத்திரி முழுக்க நனைந்தே கிடந்தால் டிக்கா இலைப்புள்ளி, துரு என்ற பூஞ்சை நோய்கள் வரும். பூட்டிய அறையில் ஒரு செடிக்கு வந்தால் போதும், எல்லாவற்றுக்கும் பரவும்.

தம்பி, 27 டிகிரியில் 40 சதவீதம் என்றால் நீராவிப் பற்றாக்குறை, அதாவது காற்று இன்னும் எவ்வளவு ஈரத்தை இழுக்கும் என்ற அளவு, சுமார் 2.1 கிலோபாஸ்கல். அவ்வளவு வறட்சியில் வேர் தண்ணீரிலேயே நின்றாலும் இலை துளைகளைச் சுருக்கிக்கொள்ளும். அந்தரத்தில் தொங்கும் விழுது நுனி பாவம், என்ன செய்யும்? 65–70க்குக் கொண்டு வாருங்கள், பற்றாக்குறை கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஏசிக் காற்று செடிமேல் நேராக அடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைத் திருப்பிவிட்டாலே கொஞ்சம் மாறும்.

அப்புறம், தட்டு எவ்வளவு கீழே இருக்கிறது? 15 செ.மீ.க்கு மேல் உயரத்தில் கிளம்பும் விழுது பெரும்பாலும் தரைக்கு வந்து சேராது. வயலில் மண் அணைக்கிறோமே, அது இதற்குத்தான். தட்டை உயர்த்தி, நார்த்தூளை ஈரமாக வையுங்கள். அதிலிருந்து எழும் ஈரமே விழுதைச் சுற்றி நிற்கும். வெளிச்சம் மட்டும் உள்ளே போகக் கூடாது, இருட்டில்தான் விழுது காயாகத் திரளும்.

இன்னொன்று, காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) வேர் வழியாகப் போதுமான அளவு வராது. காய் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்திலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் பக்கம் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் என்ற கால்சிய உப்பைப் போடுவது அதனால்தான். நார்த்தூளில் நீங்கள் அதைக் கலக்காவிட்டால், ஈரப்பதம் சரியாக இருந்தும் பொக்குக் கடலைதான் கிடைக்கும்.

மாடி மல்லி:
ஓ, காய்க்குத் தனியாகப் போட வேண்டுமா! இதுவரை கரைசலில் மட்டும்தான் கலந்துகொண்டிருந்தேன்.

கோவைச் செடிக்காரன்:
நன்றி அண்ணா. தட்டு 20 செ.மீ. கீழே இருக்கிறது, ஏசியும் நேர் எதிரில். ஈரப்பதமூட்டியில் போர்வெல் தண்ணீர் ஊற்றலாமா?

திண்டிவனத்தான்:
அல்ட்ராசோனிக், அதாவது தண்ணீரை அதிர்வால் பனிமூட்டமாகத் தெளிக்கும் வகை என்றால் வேண்டாம். உப்பு மாவு மாதிரி இலையில் வெள்ளையாகப் படியும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள், விளக்கு அணைவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்திவிடுங்கள்.