பத்த வைக்கிற வேலை

துவாஸ்வாசி:
சிங்கப்பூர்க் கப்பல் யார்டில் வெல்டராகச் சேர்ந்த முதல் வாரம், அம்மா போனில் கேட்டார்: "என்னப்பா வேலை?" "பத்த வைக்கிறதும்மா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "யாரையும் யாரையும்டா மூட்டி விடுற?" என்றாரே பார்க்கலாம்!

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அடுப்புக்கும் பத்த வைப்பதுதான், தகட்டோடு தகட்டை ஒட்டும் வெல்டிங்குக்கும் அதேதான், கோள் சொல்லிச் சண்டை மூட்டுவதற்கும் அதேதான். எல்லாம் 'பற்று' போட்ட குட்டிகள். தீ விறகைப் பற்றும், தகடு தகட்டைப் பற்றும். ஒட்டவைக்கிற சொல்லே பிரித்துவைக்கவும் போய்விட்டது.

போன மாதம் மனைவியின் சங்கிலி அறுந்து, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஓர் ஆசாரியிடம் போனேன். அறுந்த வளையத்தில் ஈர வெண்காரத்தைத் தடவினார். பற்றாசு என்பது நகைக்கு முன்னால் உருகி ஒட்டவைக்கும் உலோகக் கலவை. அதைக் கடுகளவு வைத்து, கேஸ் நெருப்பைக் காட்டினார். பற்றாசு பளிச்சென்று மின்னி இடுக்குக்குள் ஓடியது, நெருப்பை எடுத்துவிட்டார்.

"முந்தி ஊதுகுழல்ல ஊதுவோம் தம்பி. பொடி வச்சுப் பேசுறான்னு சொல்றீங்களே, அது எங்க பட்டறைப் பேச்சு" என்றார். வெண்காரம்தான் அந்தப் பொடி. அது சூட்டில் படியும் கறையைக் கரைக்கும். பற்றாசு ஓட வழிவிடும்.

அவர் வேலை என் வேலையைவிடப் பொல்லாதது. நான் பத்த வைக்கும்போது தகட்டின் விளிம்பே உருகி வெல்டிங் ராடோடு கலக்க வேண்டும், எஃகுக்கு 1,500 டிகிரியை ஒட்டிய சூடு. அவரோ நகையை உருகவே விடக்கூடாது. சுத்தத் தங்கம் 1,064 டிகிரியில் உருகும், 916 நகை அதற்கும் முன்னாலேயே. பற்றாசு அதையும் முந்த வேண்டும். "ஒரு நொடி அசந்தா, வீட்ல உங்களப் பத்த வச்சிருவாங்க" என்று சிரித்தார்.

ஈசூன் வாத்தியார்:
அந்தப் பற்றாசு வெண்பாவிலும் உண்டு! நேரிசை வெண்பாவில் முதற்குறளும் (முதல் ஏழு சீர்) அடுத்து வரும் தனிச்சொல்லும் ஒட்டாமல் நின்றால், நடுவில் ஓரிரண்டு அசை வைத்து இணைப்பார்கள். பெயர் ஆசிடை நேரிசை வெண்பா. ஆசு என்றால் பற்றாசு. வகுப்பில் சொன்னதும், எப்போதும் தூங்கும் ஒரு பையன் நிமிர்ந்து, "சோல்டரிங்கா சார்?" என்றான். பள்ளியில் கைவேலை சொல்லித்தரும் டி அண்ட் டி (டிசைன் அண்ட் டெக்னாலஜி) வகுப்பின் உபயம்.

துவாஸ்வாசி:
வெண்பாவுக்குமா! ஊரில் அம்மா, "மகன் கப்பலுக்கு ஈயம் பூசுறான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.