முடிவு முன்பே தெரிந்துவிட்டால் கதை கெட்டுவிடுமா?

கரையோரம்:
கடலுக்குப் போனவன் திரும்பி வராத கதை ஒன்று எழுதியிருக்கிறேன். முன்னறிகுறி வேண்டுமே என்று முதல் பக்கத்திலேயே அலறும் காக்கை, அணைந்த விளக்கு இரண்டையும் வைத்தேன். படித்த நண்பர், "ஆள் போய்விடுவான், தெரிகிறது" என்று சிரிக்கிறார். எவ்வளவு காட்டலாம், எவ்வளவு மறைக்கலாம்?

வெயில்நிழல்:
முதலில் அந்த விளக்கை எடுத்துவிடுங்கள். பழைய நாடகங்களிலேயே போதும் போதும் என்றாகிவிட்டது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
தம்பி, முடிவு தெரிவதால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. சிலப்பதிகாரத்தின் முன்னுரையான பதிகமே முழுக்கதையையும் சொல்லிவிடுகிறது. கோவலன் கொலையுண்பான் என்று தெரிந்துதானே முதல் பகுதியான புகார்க் காண்டத்துக்குள் நுழைகிறோம்?

மதுரையை நெருங்கும் இடத்தைப் பாருங்கள். கண்ணகிக்கு வரப்போவதை அறிந்தவள்போல வையை (வைகை ஆறு) தன் கண்ணீரை மலராடையால் மூடிக்கொள்கிறாள். கோவலனும் கண்ணகியுமோ, 'இது புனலாறு அல்ல, பூம்புனல் ஆறு', அதாவது வெறும் நீராறு அல்ல, பூவாறு என்று தொழுதுவிட்டு மரத்தெப்பத்தில் அக்கரைக்குப் போகிறார்கள். மதில்மேல் கொடிகள் 'வாரல்' (வராதே) என்று கைகாட்டுகின்றன. பள்ளியில் இதற்குத் தற்குறிப்பேற்ற அணி (இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது) என்று பெயரெழுதி மதிப்பெண் வாங்குவதோடு சரி. அந்த எச்சரிக்கை யார் காதில் விழுகிறது என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. நமக்குக் கேட்கிறது, கோவலனுக்குக் கேட்கவில்லை. பதைப்பு அங்கேதான் பிறக்கிறது.

எனக்கு இன்னும் பிடித்தது கொலைக்களக் காதையில் வரும் காளை. ஒற்றைச் சிலம்போடு தெருவில் இறங்குகிறவன் எதிரே திமில் காளை வருகிறது. அது தீக்குறி என்று அவன் அறியவில்லை. அவன் குலத்தார் அறிந்த வழக்கம் அல்ல அது என்கிறார் இளங்கோ. வணிகன்தானே! குறியை வைத்தவர், அது அவனுக்கு எட்டாமல் போனதற்கும் ஒரே வரியில் காரணம் வைத்துவிட்டார். உங்கள் காக்கை யாருக்காக அலறுகிறது? கடலுக்குப் போகிறவன் ஏன் அதைப் பொருட்படுத்தவில்லை? அதை எழுதுங்கள்.

பொருநைக்கரை:
அம்மா, ஒரு சந்தேகம். கண்ணகிதான் முன்பே கனவு கண்டுவிட்டாளே, பிறகும் ஏன் புறப்படுகிறாள்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
நல்ல கேள்வி. அந்தக் கனவையும் அவள் முழுதாகச் சொல்வதில்லை. ஏதோ பெரிய ஊர், தங்கள்மேல் வீண்பழி, கோவலனுக்குத் தீங்கு, தான் அரசன்முன் வழக்குரைத்தது, ஊருக்கே வந்த கேடு என்று அடுக்கிக்கொண்டே வந்தவள், கடைசியில் தானும் அவனும் பெற்ற பேற்றைக் கேட்டால் சிரிப்பாய் என்று தோழி தேவந்தியிடம் நிறுத்திவிடுகிறாள். தோழி பரிகாரம் சொல்கிறாள், இவள் அது பெருமையன்று என்று மறுக்கிறாள். அந்தப் பேச்சின் சூடு ஆறுவதற்குள் கோவலன் வாசலுக்கு வந்துவிடுகிறான். பிரிந்துபோன கணவன் திரும்பி வந்து, குலப்பொருளைத் தொலைத்த வெட்கத்தைச் சொல்லி நிற்கும்போது கனவை யார் நினைப்பார்கள்? சிரித்த முகத்தோடு, 'சிலம்பு உள, கொண்ம்' (சிலம்புகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள்) என்கிறாள். கனவில் கண்ட ஊருக்கு அவளே வழிச்செலவு கொடுத்து அனுப்புகிறாள், பாருங்கள்!