வசந்தத்தில் ஜோடியாக ஊர் சுற்ற: வார நாள் மாலையா, விடுமுறை முழுநாளா?

(ஒரு விவாதம். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

சாளரம் (தொடக்கம்)

நான்கு பருவமும் உள்ள ஒரு பெருநகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் வேலை. வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை. அதில் ஒன்றைத் துணி துவைப்பதும் மளிகையும் வீடு கூட்டுவதுமே தின்றுவிடும். மரம் பூத்து உதிர்வதற்குள் இருவரும் சேர்ந்து வெளியே போய்வர இரண்டு வழி சொல்கிறார்கள். வேலை முடிந்து வாரம் மூன்று மாலை, வீட்டிலிருந்து அரை மணி தொலைவுக்குள் சுற்றுவது ஒன்று. மாதத்துக்கு இரண்டு விடுமுறை நாள், விடிந்ததும் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்புவது இன்னொன்று. எது சரி, ஏன் என்று கணக்கோடு சொல்லுங்கள். "மனமிருந்தால் மார்க்கமுண்டு" வகைப் பதில் வேண்டாம், ப்ளீஸ்.

பொடிநடை

மாலைதான். சந்தேகமே இல்லை.

முதல் காரணம் வெளிச்சம். பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டித்தான் பகல் மிக வேகமாக நீளும். 40 டிகிரி அகலாங்கில் (அட்சரேகையில்) நாளுக்கு இரண்டரை நிமிடத்துக்கு மேல், 50 டிகிரியில் கிட்டத்தட்ட நான்கு நிமிடம். 50 டிகிரி ஊரில் ஒரே மாதத்தில் மாலைப் பக்கம் மட்டும் ஒரு மணி நேரம் சேர்ந்துவிடும். கடிகாரத்தை முன்னே தள்ளும் நாடாக இருந்தால் ஒரே இரவில் இன்னொரு மணி. ஐரோப்பாவில் அது மார்ச் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு. ஆறு மணிக்கு வேலை முடிந்தாலும் நடக்க வெளிச்சம் இருக்கும்.

இரண்டாவது, பூ காத்திருக்காது. செர்ரி மரம் முழுமையாகப் பூத்து நிற்பது ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். நடுவில் காற்றோடு மழை வந்தால் இரண்டே நாளில் தரையெல்லாம் இதழ். மக்னோலியா இன்னும் மோசம், ஒரு இரவு உறைபனி போதும், இதழ் பழுப்பேறிவிடும். மாதத்துக்கு இரண்டு நாள் மட்டும் போகிறவர் இதைத் தவறவிட வாய்ப்பு அதிகம். வாரம் மூன்று மாலை நடப்பவர் மொட்டு, பாதி மலர்ச்சி, முழு மலர்ச்சி, உதிர்வு எல்லாவற்றையும் ஒரே தெருவில் பார்த்துவிடுவார்.

செய்முறை எளிது. பெரும்பாலும் மக்னோலியாவும் பிளம்மும் முதலில், பிறகு செர்ரி, அதன் பின் காட்டு ஆப்பிள், அப்புறம் லைலாக், கடைசியில் குதிரைச் செஸ்ட்நட். இந்த வரிசைக்குத் தோதான தெருக்களைக் குறித்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு வகை என்று போனால் ஆறு வாரமும் ஓடிவிடும்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். டியூலிப் வெப்பத்துக்குத் திறந்து, குளிர ஆரம்பித்ததும் மூடிக்கொள்ளும். மாலை ஆறரைக்குப் போனால் மூடிய மொட்டுத்தான் கிடைக்கும்.

மேட்டுப்பாதை

பொடிநடையாரே, ஒரே தெருவைச் சுற்றினால் ஒரு வசந்தம்தான். நகரத்தை விட்டு மேலே ஏறினால் அதே வசந்தம் இரண்டாம் முறையும் கிடைக்கும். அதற்கு முழுநாள் வேண்டும்.

ஆண்ட்ரூ டெல்மார் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் 1918-இல் வெளியிட்ட விதி இருக்கிறது: 400 அடி உயரத்துக்கு வசந்தம் நான்கு நாள் பிந்தும், துருவத்தை நோக்கி ஒரு டிகிரி அகலாங்குக்கும் நான்கு நாள் பிந்தும். 400 அடி என்றால் சுமார் 120 மீட்டர். நகரத்தைவிட 600 மீட்டர் உயரமான மலைச்சரிவில் ஐந்து நான்கு இருபது நாள் பிந்திப் பூக்கும். அதே இருபது நாளைத் தொலைவால் வாங்க ஐந்து டிகிரி, அதாவது 550 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் உட்கார வேண்டும். ஆகவே தூரத்தைத் தேடாதீர்கள், உயரத்தைத் தேடுங்கள்.

மழையால் நகரத்துப் பூவைத் தவறவிட்டாலும் மூன்று வாரம் கழித்து ஒரு விடுமுறையில் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். போகவர ஆகும் நேரம் வெளியே இருக்கும் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது பயணம்தான், உலா இல்லை.

கலப்பைநுனி

மரம் பார்க்கும் தொழில் என்பதால் இரண்டு பேரையும் கொஞ்சம் திருத்துகிறேன்.

ஹாப்கின்ஸ் விதி ஒரு சராசரி. அதுவும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியை வைத்து எழுதியது. அதைத் தேதி குறிக்கும் பஞ்சாங்கமாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். மொட்டு விழிப்பதற்கு முன் அது போதுமான குளிரை வாங்கியிருக்க வேண்டும், பூஜ்யத்துக்கும் ஏழு டிகிரிக்கும் இடைப்பட்ட குளிரில் பல வாரம். குளிர்காலம் மிதமாக இருந்த ஆண்டில் அந்தக் கணக்கு நிரம்பாது. பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் ஒரு கிளை பூத்து, ஒரு கிளை தூங்கும்.

உயரத்திலும் ஒரு கண்ணி உண்டு. தெளிந்த, காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தாக்கின் அடியில் மொட்டு கருகிப் போயிருக்கும்போது, அதே சரிவின் நடுப்பகுதியில் பூ நன்றாக இருக்கும். மேலே போகிறவர்கள் ஓடைக்கரையைவிட நடுச்சரிவுப் பாதையைப் பிடிப்பது நல்லது.

நகரத்துக்குள்ளேயும் இரண்டு வசந்தம் உண்டு, மேட்டுப்பாதை கவனிக்கவும். கட்டடமும் தார்ச்சாலையும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் விடுவதால் நகர மையத்தில் பூப்பு புறநகருக்குச் சில நாள் முந்தும். வெயில் படும் சுவரை ஒட்டிய மரம், அதே தெருவில் நிழலில் நிற்கும் மரத்துக்கு முந்தும். முதலில் மையம், அடுத்த வாரம் புறநகர்ப் பூங்கா என்று மெட்ரோவிலேயே வசந்தத்தை நீட்டலாம்.

யாராக இருந்தாலும் ஒரு வேண்டுகோள். அடிமரத்தை ஒட்டிப் பாய் விரிக்காதீர்கள். உறிஞ்சும் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கிறது. ஈர மண்ணை ஆயிரம் பேர் மிதித்தால் துளை அடைபட்டு வேருக்குக் காற்றுப் போகாது. கிளை விரிவுக்கு வெளியே உட்காருங்கள். படமும் அங்கிருந்துதான் நன்றாக வரும், இதழுக்குப் பின்னால் சூரியன் நிற்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்கடைப்பு

பூ, உயரம், வெளிச்சம் எல்லாம் பேசிவிட்டீர்கள். இருவரில் ஒருவருக்கு மகரந்த ஒவ்வாமை இருந்தால் இந்தக் கணக்கு அத்தனையும் தலைகீழ்.

பழியைப் பூவின் மேல் போட வேண்டாம். செர்ரி, மக்னோலியா போன்ற கண்ணைப் பறிக்கும் பூக்களின் தூள் கனமானது, ஒட்டக்கூடியது, பூச்சி சுமப்பது. மூக்கைப் படுத்துவது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத பூ பூக்கும் மரங்கள்: பிர்ச், ஆல்டர், ஓக், சைப்ரஸ். காற்றில் அனுப்புவதற்காகவே மூட்டை மூட்டையாகத் தூள் உண்டாக்குபவை.

"மாலையில் மகரந்தம் குறைவு" என்று பொதுவாகச் சொல்வார்கள். நகரத்தில் அதை நம்ப முடியாது. காலையில் பனி உலர்ந்ததும் மரம் தூளை விடும், வெப்பக் காற்று மேலே தூக்கும், பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்ததும் அது திரும்ப இறங்கும். பொடிநடை சொல்லும் ஆறரை மணி நடை சரியாக அந்த நேரத்தில் போய் விழலாம். நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு போவது மேல்.

இடிமழை மட்டும் விலக்கு. தூள் நீரை உறிஞ்சி வெடித்து நுண்துகளாகும். அது மூக்கில் நிற்காமல் நுரையீரல்வரை போகும். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் நடந்தது இதுதான். அங்கே அது வசந்தம். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். புயல் வரும் முன் வீசும் காற்றிலேயே வீட்டுக்குள் போய்ச் சன்னலைச் சாத்திவிட வேண்டும்.

மருந்து விஷயம். ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான் அடித்தவுடன் கேட்காது, முழுப் பலனுக்குச் சில நாள் முதல் இரண்டு வாரம்வரை ஆகும். பருவத்துக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும், மருத்துவரைக் கேட்டு. அடிக்கும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தலையைப் பின்னால் சாய்க்காமல் சற்றுக் குனியுங்கள். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்போது முனை நடுச்சுவரை விட்டுக் காதுப்பக்கம் திரும்பும். நடுச்சுவரிலேயே அடித்துக்கொண்டிருந்தால் இரத்தம் கசியும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

மாத்திரையில், குளோர்பெனிரமின் போன்ற பழைய வகை தூக்கத்தைத் தரும், வண்டி ஓட்டுபவருக்கு ஆகாது. ஃபெக்சோஃபெனடின் எடுப்பவர் அதைப் பழச்சாற்றோடு விழுங்கக் கூடாது. ஆப்பிள், ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட் சாறு அது உடலில் சேர்வதைக் குறைக்கும். பிக்னிக் கூடையில் சாறுதான் இருக்கும் என்பதால் சொல்கிறேன். தண்ணீர் மட்டும்.

திரும்பி வந்ததும் இருவரும் உடை மாற்றித் தலைக்குக் குளிக்க வேண்டும். ஒவ்வாமை இல்லாதவர் அப்படியே வந்து படுத்தால், அவர் தலைமுடியில் வந்த தூள் மற்றவரின் தலையணைக்குப் போகும். வாரம் மூன்று மாலை என்றால் இது வாரம் மூன்று முறை. பலர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

பொடிநடை

மாலை மகரந்தத்தை ஏற்கிறேன். ஒவ்வாமை உள்ள வீட்டில் மழை ஓய்ந்த மாலையாகப் பார்த்துப் போகட்டும். அந்த வசதியும் வாரம் முழுவதும் கதவைத் திறந்து வைத்திருப்பவருக்குத்தானே? மாதத்துக்கு இரண்டு நாளை முன்கூட்டியே குறித்தவர் காற்றடிக்கும் உலர்ந்த நாளிலும் போய்த்தான் ஆக வேண்டும், டிக்கெட் எடுத்தாயிற்று.

முழுநாளில் சொல்லாமல் விட்ட இன்னொன்று கால். குளிர்காலம் முழுவதும் கனத்த காலணி போட்ட குதிகால் திடீரென்று மெல்லிய காலணியில் ஐந்து மணி நேரம் நடந்தால் கொப்புளம் நிச்சயம். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்து உராய்வைக் கூட்டும். சுருக்கென்று சூடு தெரியும்போதே, கொப்புளம் எழுவதற்கு முன், பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். மாலையில் ஒரு மணி நேரம் நடந்து பழகியவருக்கு இந்தப் பாடு குறைவு.

மேட்டுப்பாதை

அப்படியானால் மாலை நடை முழுநாளுக்குப் பயிற்சி. மகிழ்ச்சி.

வெயிலையும் குளிரையும் பற்றி யாரும் பேசவில்லை. ஏப்ரல் நடுவில் சூரியன் நிற்கும் உயரம் ஆகஸ்டு கடைசி வாரத்து உயரம்தான் (தெற்கு அரைக்கோளத்தில் அக்டோபர் நடுவும் பிப்ரவரி கடைசியும்). காற்று சில்லென்று இருப்பதால் தோல் வெயிலில் கருகுவது தெரியாது. வானிலை அறிக்கையில் வரும் புறஊதாக் குறியீடு (UV index) 3-ஐத் தொட்டால் சன்ஸ்கிரீன் வேண்டும். முகம், கழுத்துக்கு இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசி, இரண்டு மணிக்கொருமுறை திரும்பப் பூச வேண்டும்.

உட்காரும் இடம்: காற்று 18 டிகிரி இருந்தாலும் மண் இன்னும் குளிர்காலத்தில்தான் இருக்கும். பஞ்சு வைத்த போர்வை உதவாது, உடல் எடையில் பஞ்சு நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். அடியில் நீர் புகாத விரிப்பு, மேலே ஒரு சென்டிமீட்டர் தடிப்பில் நசுங்காத நுரைப் பாய். உணவுப் பையில் பனிக்கட்டிப் பொதி மேலே இருக்க வேண்டும், குளிர்காற்று கீழே இறங்கும். பொதி இல்லாவிட்டால் சமைத்த உணவுக்குக் கெடு இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் ஒரு மணி.

சாளரம்

ஏரியில் வாடகைப் படகு? அதற்கு மாலை போதுமா?

துடுப்பு

நேரம் போதும், கவனம்தான் போதாது. வசந்தத்தில் காற்றுக்கும் தண்ணீருக்கும் பெரிய இடைவெளி. 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் விழுந்தவர் தன்னையறியாமல் மூச்சை இழுப்பார், நீச்சல் தெரிந்தவரும்தான். குளிர்நீர் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு 1-10-1: மூச்சிரைப்பைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி. உயிர்காப்பு அங்கியைக் காலடியில் போட்டுவைக்காமல் உடம்பில் மாட்டுங்கள்.

இரண்டு பேர் படகு பெரும்பாலும் இடம் மாறும்போதுதான் கவிழும். "கொஞ்சம் நானும் துடுப்புப் போடுகிறேன்" என்று நடுநீரில் எழுந்து நிற்பது. கரைக்கு வந்து மாறுங்கள். துடுப்புப் போடுபவர் முதுகைக் காட்டிப் போவதால் வழி சொல்வது எதிரே இருப்பவர் வேலை. இடப்பக்கம் என்றால் அவருடைய இடதா, இவருடைய இடதா என்று ஏறும்போதே பேசிக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை "இடப்பக்கம்" என்ற சொல்லில்தான் வரும்.

பொடிநடை

கடைசியாக வீட்டு வேலை. விடுமுறை காலையில் துவைத்துவிட்டுக் கிளம்பலாம் என்பவர்கள் பதினொரு மணிக்குப் பூங்கா வாசலில் வரிசையில் நிற்பார்கள். மளிகையை வியாழன் இரவுக்கும், துவைப்பதை வெள்ளி மாலைக்கும் தள்ளினால் விடுமுறை நாளில் ஒன்பதுக்கு முன் உள்ளே போகலாம்.

மேட்டுப்பாதை

வியாழன் மளிகை, வெள்ளி துவைப்பு. உங்கள் மூன்று மாலையில் இரண்டு போயிற்று, பொடிநடையாரே.

மூக்கடைப்பு

துவைத்ததை மாடியில் காயப்போடாதீர்கள். ஈரத் துணியில் தூள் ஒட்டும். உள்ளே, சன்னலைச் சாத்தி.